ஜீவனுக்குப் பதினோரு வயது

"தொட்டியில நம்ம ஆலைத் தண்ணியையே ஊத்துங்க சார்."

வேலையில் சேர்ந்த முதல் நாள், எதை மட்டும் வாழ்நாளில் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொன்னார்களோ, அதைத்தான் கேட்டேன். பத்து மாதம் கழித்து, பொது விசாரணை நாளன்று காலை பத்தேகாலுக்கு, ஜெனரல் மேனேஜர் அனந்தகிருஷ்ணன் சார் அறையில் நின்றுகொண்டு கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எங்கள் ஆலையில் யாரும் கோபப்பட மாட்டார்கள். வரவேற்பறையில் மாட்டியிருக்கிற 'எங்கள் விழுமியங்கள்' பலகையில் கோபம் கிடையாது. மேஜை மேலிருந்த மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். மூடியை நிதானமாகத் திருகினார்.

"உக்காரும்மா" என்றார்.

நான் உட்காரவில்லை. அவர் பதில் சொல்வதற்குள் எந்தத் தொட்டி, எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிடுகிறேன். அவர் பதில் சொல்ல நேரமாகும்.

அமல்தாரா சர்க்யூட்ஸ், ஹைதராபாத்தில் நாச்சாரம் தாண்டிப் போனால் இடது கைப் பக்கம். செல்போனிலிருந்து செயற்கைக்கோள் வரை எல்லாவற்றுக்கும் உள்ளே பச்சையாக ஒரு தகடு இருக்குமே, அதைச் செய்கிற இடம். செப்புத் தகட்டை அமிலத்தில் முக்கி, வேண்டாத செம்பைக் கரைத்து எடுப்பார்கள். கரைந்த செம்பு எங்கே போகிறது என்று கேட்டால் 'சுத்திகரிப்புக்கு' என்பார்கள். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. முன்பக்கம் பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரி தேவைப்படுகிறவர்கள் பின்பக்கம் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் மல்லெகுண்ட்டா பஸ்தி. பஸ்தி என்றால் ஏழைகள் குடியிருப்பு, தெலுங்கில் குண்ட்டா என்றால் குளம். குளம் இப்போது எங்கள் கார் நிறுத்துமிடம். பஸ்திதான் பிடிவாதமாகப் பழைய பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது.

நான் அந்தப் பஸ்திதான். அப்பா சனத்நகரில் லேத் பட்டறை வேலைக்கு என்று திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்தவர், இப்போது இல்லை. அம்மா புஷ்பா, ஏ.எஸ்.ராவ் நகர் பஸ் ஸ்டாப்பில் இட்லி விற்கிறாள். எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எம்.எஸ்சி. வேதியியல். ஆலையில் எனக்குக் கொடுத்த பதவியின் பெயர் 'அக்வாடிக் வெல்பீயிங் எக்ஸிக்யூட்டிவ்'. அம்மா அதில் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ்தி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மீன் தொட்டி கழுவுகிற வேலை என்று நான் சொல்லவில்லை.

தொட்டி இருப்பது ஆலையின் கழிவுநீர் வெளியேறும் இடத்தில். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே மூன்று மோலி மீன்கள், ஒன்று ஆரஞ்சு, இரண்டு கறுப்பு. மேலே பித்தளைப் பலகை: 'இந்த மீன்கள் எங்கள் சுத்திகரிக்கப்பட்ட நீரில் வாழ்கின்றன.' ஆரஞ்சு மீனுக்குப் பெயர் ஜீவன். அதற்கு ஊழியர் எண் உண்டு. எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் எண் கொடுத்தார்கள்.

முதல் நாள் அனந்தகிருஷ்ணன் சாரே என்னைத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். "நம்ம ஊர்ப் பொண்ணு, அதான் நானே சொல்றேன். ரூல்ஸ் மூணுதான். ஒண்ணு, மீன் செத்துச்சுன்னு சொல்லக் கூடாது, எழுதக் கூடாது. 'ட்ரான்ஸ்ஃபர்'னுதான் சொல்லணும். ரெண்டு, தண்ணி தினம் ரெண்டு கேன், மினரல் வாட்டர், பிராண்ட் மாத்தக் கூடாது. மூணு, இதுல ஏன் நம்ம தண்ணிய ஊத்தலைன்னு கேக்கவே கூடாது."

"ஏன் சார்?"

"அதைத்தாம்மா கேக்கக் கூடாதுன்னேன்."

காரணத்தைக் காவலாளிகள் சொன்னார்கள். எனக்கு முன்னால் ராஜகோபால் என்றொருவர் இந்த வேலையில் இருந்தார். ஒரு நாள் கேன் வண்டி வரவில்லை. மனிதர் பித்தளைப் பலகையைப் படித்துவிட்டு அதை நம்பிவிட்டார். வெளியேறும் குழாயில் இரண்டு வாளி பிடித்து ஊற்றினார். மூன்று மீனும் மிகச் சரியாக நாற்பது நிமிஷம். ராஜகோபாலை நாக்பூர் கிளைக்கு மாற்றினார்கள். நாக்பூரில் எங்களுக்குக் கிளை இல்லை. அது அவருடைய பிரச்சினை.

மினரல் வாட்டரில் விட்டும் மீன்கள் மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. எம்.எஸ்சி. படித்தது அதற்குப் பயன்பட்டது, ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். தொட்டியில் குமிழி விடுகிற மோட்டார் காற்றை எடுப்பது அமிலக் கூடத்தின் பக்கத்துச் சுவரிலிருந்து. தண்ணீர் வெளியூர்த் தண்ணீர், காற்று உள்ளூர்க் காற்று. மோட்டாரை நகர்த்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன். 'காற்று மீன்களின் துறை சார்ந்தது அல்ல' என்று பதில் வந்தது.

ஆகவே வாரம் இருமுறை ஃபெலிக்ஸ் அண்ணனின் வளர்ப்பு மீன் கடைக்குப் போவேன். அவர்கள் குடும்பம் செகந்திராபாத்துக்கு வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்தது. அவர் தமிழில் பாதி ஹைதராபாத் கலந்திருக்கும்.

"வா மீன் மேடம். எத்தனை?"

"மூணுண்ணா. ஒரு ஆரஞ்சு, ரெண்டு கறுப்பு."

"முந்தாநாள்தானே எடுத்துட்டுப் போனே? கைக்கு, ஏன் இவ்ளோ ஜல்தி?"

"ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு."

"ஹவ், ஹவ், ஆமா, ஆகும். நம்ம கடைலேர்ந்து உங்க கம்பெனிக்குப் போனதுல ஒண்ணாவது ரிட்டயர் ஆயிருக்கா சொல்லு? எல்லாம் சர்வீஸ்லயே போயிடுது." வலையால் கோரி பாலித்தீன் பையில் விட்டுக்கொண்டே, "ஒண்ணு பண்ணு மேடம், செத்ததுங்களை எனக்குத் திருப்பிக் குடு. என் கடை போர்டுல போடறேன், 'அமல்தாராவில் வேலை பார்த்த மீன்கள்'னு."

மாநில நீர்நலக் கண்காணிப்பகத்திலிருந்து ஆய்வாளர் கிருஷ்ணமூர்த்தி மூன்று மாதத்துக்கு ஒருமுறை திடீர் சோதனைக்கு வருவார். திடீர் சோதனைக்குப் பதினைந்து நாள் முன்னால் கடிதம் வரும். வரும்போது ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவருவார். அதில் தண்ணீரைச் சோதிக்கிற கருவி இருக்கிறது என்பது ஐதீகம். பெட்டியின் பூட்டில் அரக்கு முத்திரை. தசராவுக்குத் தசரா அதற்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள், வரிசையாக ஒன்பது பொட்டு.

"திறந்து பாக்க மாட்டீங்களா சார்?" என்று ஒரு முறை கேட்டேன்.

கிருஷ்ணமூர்த்தி சென்னையில் இன்ஜினியரிங் படித்த தெலுங்குக்காரர். அவர் தமிழில் எல்லாருமே 'அம்மா'தான். "அம்மா, முத்திரை உடைச்சா கருவியோட துல்லியம் போயிடும். ஒன்பது வருஷமா இதோட துல்லியத்தை நான் காப்பாத்திட்டு வரேன்."

பிறகு தொட்டியருகே குனிந்து, மோதிர விரலால் கண்ணாடியை மூன்று தட்டுத் தட்டுவார். மீன் திரும்பினால் 'உயிருடன். திருப்தி' என்று எழுதுவார். அவ்வளவுதான் ஆய்வு. மாலை, மரியாதை, மதியச் சாப்பாடு எல்லாம் அதற்கப்புறம்.

ஒரு முறை ஃபெலிக்ஸ் அண்ணன் கடையில் சின்ன ஆரஞ்சு இல்லை. பெரியதாக ஒன்றை விட்டேன். ஆய்வாளர் வியந்து போனார். 'ஜீவன் கடந்த காலாண்டைவிட இருமடங்கு வளர்ச்சி' என்று அறிக்கை வந்தது. அடுத்த முறை குட்டிதான் கிடைத்தது. 'ஜீவன் உடற்பயிற்சியால் எடை குறைந்து ஆரோக்கியமாக உள்ளது.' இப்படி எல்லா அறிக்கையிலும் அதே ஜீவன். யாரும் புது மீன் என்று எழுதவில்லை, எழுதினால் பழைய மீன் எங்கே என்று எழுத வேண்டும். மோலி மீன் மூன்று வருஷம் வாழும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலு. அரசாங்க ஆவணப்படி எங்கள் ஜீவனுக்குப் போன ஜூனில் பதினோரு வயது.

பிறந்தநாள் கொண்டாடினார்கள். முட்டை போடாத கேக். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். கிருஷ்ணமூர்த்தி கண் கலங்கிவிட்டார். "என் சர்வீஸ்ல ஒரே போஸ்டிங்ல பதினோரு வருஷம் இருந்த ஒருத்தரை இப்பதான் பாக்கறேன்" என்றார்.

அனந்தகிருஷ்ணன் சார் பேசினார். அவர் உரை எதுவும் ஐம்பது நிமிஷத்துக்குக் குறையாது. குறைத்தால் நிறுவனத்துக்கு மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. அதில் ஒரு பகுதி எனக்கு மனப்பாடம்:

"ஆய்வுக்கூட அறிக்கை எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். அறிக்கை பொய் சொல்லும். அதை எழுதுகிறவர்கள் நாங்கள்தானே, எங்களுக்குத் தெரியாதா? மீனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டு இந்தத் தொட்டியை வைத்தோம். ஜீவன் நலமாக இருக்கும்வரை சுற்றியுள்ள மக்களும் நலமாகவே இருப்பார்கள். அவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டு இட்லி ஓரத்தில் பச்சை பூத்துக்கொண்டிருந்தது. போர்த் தண்ணீரில் ஊறப்போட்ட அரிசி, போர்த் தண்ணீரில் அரைத்த மாவு. காலையில் பார்த்தால் விளிம்பில் மெல்லிசாகப் பச்சை. ராவ் நகர் பஸ் ஸ்டாப்பில் ஒரு பையைத் தோளில் மாட்டின இளைஞன், "ஆன்ட்டி, புதினா இட்லியா?" என்று கேட்டிருக்கிறான். அம்மா ஆமாம் என்று விற்றுவிட்டாள். அன்று இரண்டு தட்டு கூடப் போனது. மறுநாளிலிருந்து விடியற்காலையில் கத்தியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இட்லியாக ஓரத்தைச் சீவ ஆரம்பித்தாள். அந்தக் கத்தியைப் பிடிக்கிற விரல்களும் நுனியில் தோல் உரிந்து வெடித்துக் கிடந்தன. லாரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை, வீட்டுக்கு இரண்டு குடம். மீனுக்குத் தினம் நாற்பது லிட்டர் மினரல் வாட்டர். மிச்சம் இருந்தால் புல்தரைக்கு ஊற்ற வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. புல்தரையும் நன்றாகத்தான் இருந்தது.

பஸ்தியில் நூற்று நாற்பது குடும்பமும் கையெழுத்துப் போட்டு, மஞ்சீரா ஆற்றுக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று கண்காணிப்பகத்துக்கு மனு கொடுத்தார்கள். போர்த் தண்ணீர் கெட்டுப்போச்சு என்று எழுதிக் கொடுத்ததே நான்தான், தெலுங்கில், பாயிண்ட் பாயிண்ட்டாக.

பதில் வந்த அன்று அம்மா அதை இட்லிக் குண்டான் மேல் வைத்துக் காத்திருந்தாள். நான் படித்துச் சொன்னேன். 'மேற்படி நிலத்தடி நீர்ப் பகுதியில் பதினோரு வயதுள்ள மீன் பூரண நலத்துடன் வாழ்ந்து வருவது ஒன்பது ஆண்டு ஆய்வுகளில் நிரூபணமாகியுள்ளது. எனவே நீர் கெட்டுள்ளது என்பதை ஏற்பதற்கில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீட்டு விசாரணையில் மீனை நேரில் பார்வையிடலாம். விசாரணையின் தொடக்கத்திலோ முடிவிலோ மீன் உயிரிழந்து காணப்பட்டால், குழாய் இணைப்பு உடனடியாக வழங்கப்படும்.' ஆதாரமாக ஒரு வண்ணப்படம் இணைத்திருந்தார்கள். தொட்டி, ஜீவன், ஜீவனுக்குத் தீனி போடுகிற ஒரு கை.

அம்மாவுக்குத் தெலுங்கு படிக்க வராது. படத்தைப் பார்த்தாள். விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது உன் கைதானேடி?"

"எப்படிம்மா..."

"மணிக்கட்டுல தழும்பு. எட்டாவது படிக்கறப்போ குண்டான் சுட்டுச்சே. எனக்குத் தெரியாதா?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அப்போ உன் மீனு நல்லா இருக்குன்னுதான் எங்களுக்குத் தண்ணி இல்லன்றாங்க."

"ம்."

"பேரு வேற வச்சிருக்கீங்களா அதுக்கு?"

"ஜீவன்."

"நல்ல பேரு" என்றாள் அம்மா. அப்புறம் கத்தியை எடுத்துக்கொண்டு ஓரம் சீவ உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

அந்த மேல்முறையீட்டு விசாரணைதான் இன்றைக்கு. எங்கள் ஆலையின் சொந்த அரங்கத்தில். ஏ.சி. இருக்கிறது, மீனுக்கு வெயில் ஆகாது என்று கண்காணிப்பகமே கேட்டுக்கொண்டதாம்.

சரி, அனந்தகிருஷ்ணன் சார் அறைக்கு வருவோம். தண்ணீர் குடித்து முடித்துவிட்டார்.

"நம்ம தண்ணிய ஊத்தறதுல எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா விஞ்ஞானபூர்வமா யோசி. ஊத்தினா மீன் செத்துப்போகும். மீன் செத்தா எதை நிரூபிக்கும்? ஒரு மீன் செத்துப்போச்சுன்னு நிரூபிக்கும். அவ்வளவுதான். ஆனா மீன் உயிரோட இருந்தா? தண்ணி நல்லதுன்னு நிரூபணம். இப்ப எந்தச் சோதனை பிரயோஜனமானது, நீயே சொல்லு."

"எங்கம்மா கை வெடிச்சுக் கெடக்கு சார்."

"சோப்பு ஒத்துக்கலையோ என்னமோ."

"நூத்தி நாப்பது வீட்லயும் ஒரே சோப்பா சார்?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, நிஜமாகவே பிரியம் இருந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இன்னிக்கு முடிஞ்சதும் குடுக்கலாம்னு இருந்தேன். சீனியர் எக்ஸிக்யூட்டிவ். ராவ் நகர்ல கம்பெனி குவார்ட்டர்ஸ், ரெண்டு பெட்ரூம், இருபத்திநாலு மணி நேரமும் மஞ்சீரா தண்ணி. அம்மாவையும் கூட்டிட்டு வந்துடு. அவங்க கை ஒரே மாசத்துல சரியாயிடும் பாரு."

"அப்போ மத்தவங்க கை?"

"பத்மப்ரியா" என்றார். முதல் தடவையாக முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஒரு குடும்பத்துக்குக் குடுத்தா அது கருணை. நூத்தி நாப்பது குடும்பத்துக்குக் குடுத்தா அது ஒப்புதல் வாக்குமூலம். நான் கருணையுள்ளவன். முட்டாள் இல்லை."

"ஆக, நம்ம தண்ணிய ஊத்த மாட்டீங்க."

"மாட்டோம்மா. பாலிசி."

"சரி சார்" என்றேன். கவரைத் தொடவில்லை. கேட்காமல் செய்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்குத்தான் கேட்டேன்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. டாக்டர் சர்ட்டிஃபிகேட் பாத்தியா?" கால்நடை மருத்துவரிடம் நேற்றே வாங்கிய சான்றிதழைக் காட்டினார். 'ஜீவன் மற்றும் சக மீன்கள் பூரண ஆரோக்கியத்துடன் உள்ளன. முதுமையாலோ நோயாலோ மரணம் நேர அண்மையில் வாய்ப்பே இல்லை.' கையெழுத்து, முத்திரை, தேதி. "ஒரு ஓட்டை விடல. எவனாவது வயசாயிடுச்சுன்னு கிளப்பினாலும் அடிச்சிடலாம்."

"பிரமாதம் சார்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பத்தே முக்காலுக்கு அரங்கத்துக்குப் போனோம். முதல் மூன்று வரிசையில் 'சம்பந்தப்பட்டவர்கள்' என்று அட்டை. அதில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்தி ஜனம் கடைசி வரிசைகளில். கம்பளத்தில் தூசி படும் என்று அவர்கள் செருப்பை வெளியே விடச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஓரத்தில் இருந்தாள், இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு.

மேடை நடுவில், நேற்றே கொண்டுவந்து வைத்த தொட்டி, பட்டுத்துணி போர்த்தி. மீன்கள் என் கையில், ஃபெலிக்ஸ் அண்ணனின் பாலித்தீன் பையில். வண்டிக் குலுக்கலில் அவற்றுக்கு மனஅழுத்தம் வரும் என்பதால் கடைசி நிமிஷத்தில்தான் தொட்டியில் விட வேண்டும். அதுவும் விதிதான், நான் உண்டாக்கினது இல்லை.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது துணியை விலக்கினார்கள். பையைச் சாய்த்தேன். மூன்றும் வழுக்கி இறங்கின. கிருஷ்ணமூர்த்தி கறுப்புப் பெட்டியைப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்தார். தட்டினார், மூன்று தட்டு. ஜீவன் திரும்பியது.

"மூன்று மீன். உயிருடன். திருப்தி" என்று மைக்கில் அறிவித்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "அம்மா, தண்ணி இன்னைக்கு நல்லா நீலமா இருக்கே?" என்றார்.

"மேடை லைட் சார்."

"ரொம்ப அழகா இருக்கு" என்று அதையும் எழுதிக்கொண்டார். "சாரோட ஸ்பீச் முடிஞ்சதும் இன்னொரு தடவ பாத்து ஃபைனல் கையெழுத்து போட்டுடலாம்."

காலை எட்டரைக்கு, கேன் வண்டி வருவதற்கு முன்னால், வெளியேறும் குழாயில் நான் பிடித்துத் தொட்டியில் ஊற்றியது ஆறு வாளி. ராஜகோபால் இரண்டுதான் ஊற்றினார். அவர் நம்பிக்கையில் ஊற்றினவர், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரப்பர் கையுறை போட்டும் முழங்கைக்குக் கீழே இன்னும் எரிகிறது.

அனந்தகிருஷ்ணன் சார் மைக்கை நோக்கி நடந்தார். பாதியில் நின்று என் பக்கம் குனிந்தார். கையில் கட்டாகத் தாள்.

"பதினெட்டுப் பக்கம் வந்துடுச்சும்மா. ஜனங்க வேற பசியில இருப்பாங்க. கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா?"

"வேண்டாம் சார். ஒரு வரி விடாமப் பேசுங்க."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தோளில் தட்டிக் கொடுத்தார்.

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றித் தொட்டி மூலையில் மாட்டினேன். மேடைப் படியிறங்கி, சம்பந்தப்பட்டவர்களைத் தாண்டி, கடைசி வரிசைக்கு வந்தேன். அம்மா என் வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

"எங்கடி போற?"

"வெளிய நிக்கறேம்மா. பத்து மாசமா பாத்துட்டேன், இனி என்னால முடியாது. நீ எந்திரிச்சு முன்னாடி போய் உக்காரு. எல்லாரையும் கூட்டிட்டுப் போ. கிட்டத்துல உக்காந்தாதான் தெரியும்."

"என்னா தெரியும்?"

"நாப்பது நிமிஷம் பொறுத்துக்க."

அம்மா ஒரு கணம் தொட்டியைப் பார்த்தாள். முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். அந்த வெடித்த விரல்களால் எதிரே இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்ததும் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

நான் கதவைத் தள்ளினேன். வெளியே நூறு ஜோடி செருப்பு, அதில் நானும் அவர்களோடு கழற்றி விட்டிருந்த என் செருப்பைத் தேடி மாட்டினேன். உள்ளே அனந்தகிருஷ்ணன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"உயிர் என்றால் என்ன? நான் அடிக்கடி யோசிப்பதுண்டு..."

கதவு தானாக மூடிக்கொண்டது. நான் கேட்டைப் பார்த்து நடந்தேன்.